சோர்வுக்குச் சுருள்பாசி: சாப்பிட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

6 ஜனவரி: ‘அரைத்தூக்கம்’ கேட்டது

காலையில் எழுந்திருக்கும்போதே களைப்பாக இருக்கிறது. மதியத்துக்கு மேல் எதிலும் மனம் ஊன்றுவதில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, எடையும் குறையவில்லை. உடன் வேலை செய்யும் ஒருவர் சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை சாப்பிட்டுப் புது ஆளாகிவிட்டதாகச் சொல்கிறார். அவர் காட்டிய டப்பாவில் புரதம், இரும்பு, பி12 எல்லாம் இருப்பதாகப் போட்டிருக்கிறது. ஒரு கிராம் பாசி ஒரு கிலோ காய்கறிக்குச் சமமாம். வாங்கலாமா? விற்பவர்கள் தயவுசெய்து ஒதுங்கியிருங்கள். சாப்பிட்டவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு

சாப்பிட்டவள் நான். சுருள்பாசியைத் தூளாகவும் மாத்திரையாகவும், நடுவில் கொஞ்ச காலம் குளோரெல்லா என்ற இன்னொரு பச்சைப் பாசியையும். பலன் உண்டா இல்லையா என்பது இருக்கட்டும். முதலில் டப்பாவைத் திருப்பி அளவைப் பாருங்கள்.

வழக்கமாகச் சொல்லப்படும் அளவு நாளொன்றுக்கு 3 கிராம். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு. உலர்ந்த சுருள்பாசி 100 கிராமில் சுமார் 57 கிராம் புரதமும் 28 மில்லிகிராம் இரும்பும் உண்டு. கொட்டை எழுத்தில் அச்சிடுவது இந்த 100 கிராம் கணக்கைத்தான். அவ்வளவை யாரும் விழுங்குவதில்லை. ஆறு மாத்திரையில் கிடைப்பது 1.7 கிராம் புரதம், 0.85 மில்லிகிராம் இரும்பு. ஒரே ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. இரும்போ, மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் தேவை, ஆணுக்கு 8 என்பது அமெரிக்க அளவுகோல்.

ஒரு கிலோ காய்கறிக் கதைக்கு வருவோம். 1 கிராம் பாசியில் வைட்டமின் சி 0.1 மில்லிகிராம், பொட்டாசியம் சுமார் 14 மில்லிகிராம். பெரும்பாலான காய்கறிகளில் ஒரு கிலோவுக்குப் பொட்டாசியம் ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். நார்ச்சத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். யார் இந்தக் கணக்கைப் போட்டார்களோ, அவர்கள் எடைக்கல்லைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது.

பாசியை விஷம் என்று சொல்லவில்லை. நல்ல உணவுதான். மூன்று கிராம் நல்ல உணவு.

7 ஜனவரி

தூளா மாத்திரையா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கியே தீருவது என்றால் மாத்திரை. தூளைத் தண்ணீரில் போட்டால் உடனே கரையாது. மேலே திட்டுத் திட்டாக மிதக்கும், கரண்டியால் அழுத்தினால் உள்ளே உலர்ந்த தூள் அப்படியே புகையாய்க் கிளம்பும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் தம்ளரின் ஓரத்தில் பச்சையிலிருந்து நீலம் தனியாகப் பிரிந்து வழியும். அது ஃபைக்கோசயனின் என்ற நிறமி. ஐஸ்கிரீமுக்கும் மிட்டாய்க்கும் நீல நிறம் கொடுக்க இதைத்தான் பிரித்தெடுக்கிறார்கள். பார்க்க அழகு. குடித்தால் குளத்து வாடை, தொண்டையில் வழவழப்பு, பல்லிடுக்கில் பச்சை. குடித்த கையோடு யாரையும் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள்.

9 ஜனவரி

‘தாவரபட்சி’ கேட்கிறார்: “அக்கா, இரும்பை விடுங்கள். நான் முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. பி12-க்காகவாவது சாப்பிடலாம் அல்லவா?”

பி12-க்காக மட்டும் சாப்பிடவே கூடாது. இந்த விஷயத்தில் எனக்கு நயமாகப் பேச வராது. சுருள்பாசியில் இருப்பதாகச் சொல்லும் பி12-இல் பெரும்பகுதி போலி பி12. மூலக்கூறு ஏறக்குறைய அதே உருவம், ஆனால் நம் உடலில் வேலை செய்யாது. பழைய முறை ஆய்வில் ஒரு நுண்ணுயிரை வளர்த்து அளப்பார்கள். அந்த நுண்ணுயிருக்கு அசலும் போலியும் ஒன்றுதான், இரண்டையும் தின்று வளரும். அப்படி அளந்த எண்தான் டப்பாவுக்கு வந்து சேர்ந்தது.

1991-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு முடிவு வெளியிட்டார்கள். கடும் தாவர உணவில் வளர்ந்த, பி12 குறைந்த குழந்தைகளுக்குப் பாசிகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் பி12 அளவு ஏறியது. ஆனால் பற்றாக்குறையில் வீங்கும் சிவப்பணுக்களின் பருமன் குறையவில்லை, மேலும் மோசமானது. காகிதத்தில் எண் நன்றாக இருக்கிறது, உடல் பட்டினி கிடக்கிறது. பி12 குறைவு சோர்வோடு நிற்காது. கால் மரத்துப்போகும், நடை தடுமாறும், நினைவு மங்கும். நரம்பு கெட்டபின் முழுதாய்த் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. தேவை நாளொன்றுக்கு வெறும் 2.4 மைக்ரோகிராம். சாதாரண பி12 மாத்திரை போதும், அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

9 ஜனவரி, சற்று நேரம் கழித்து

அந்த 2.4 மைக்ரோகிராம் குடல் உறிஞ்சத் தெரிந்தவர்களுக்கு. வயதானவர்கள், நெடுநாள் அமிலக் குறைப்பு மாத்திரை அல்லது மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு அளவைத் தீர்மானியுங்கள். சிலருக்கு ஊசிதான் வழி.

12 ஜனவரி

‘நாளைபார்க்கலாம்’ கோபமாக எழுதியிருக்கிறார்: “கணக்கெல்லாம் சரி. எனக்குப் பத்தே நாளில் சோர்வு போனது. என் உடம்பு பொய் சொல்கிறதா?”

உங்கள் உடம்பு பொய் சொல்லவில்லை ஐயா. காரணம் பாசிதானா என்பதுதான் சந்தேகம். நாம் எப்போது மாத்திரை வாங்கப் போகிறோம்? படுமோசமாக இருக்கும் நாளில். அதன்பிறகு எதைச் செய்தாலும், ஒன்றும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் கொஞ்சம் ஏற்றம்தான் இருக்கும். கூடவே நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. ரத்தசோகை இல்லாத, ஆனால் இருப்பு இரும்பு குறைந்த, சோர்வாக இருந்த 198 பெண்கள். பாதிப் பேருக்கு 80 மில்லிகிராம் இரும்பு, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, 12 வாரம். இரும்பு எடுத்தவர்களின் சோர்வு மதிப்பெண் 48 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு? 29 சதவீதம். ஒன்றுமே இல்லாத மாத்திரைக்கு 29! பாசி இதைத் தாண்டிக் காட்ட வேண்டும்.

தாண்டியதா? 2007-இல் காரணம் தெரியாத நாட்பட்ட சோர்வு உள்ள 4 பேருக்கு 3 கிராம் சுருள்பாசியும் வெற்று மாத்திரையும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தார்கள். எது எப்போது என்று அவர்களுக்குத் தெரியாது. பாசி மாதங்களுக்கும் வெற்று மாதங்களுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 4 பேர் போதாது என்பீர்கள், சரிதான். 2016-இல் ஆண்களிடம் 8 வாரம் நடந்த இன்னோர் ஆய்வில் உடற்பயிற்சித் திறனிலும் மன அயர்ச்சியிலும் சிறிய முன்னேற்றம் பதிவானது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறைத்தேன் என்பீர்கள். என் கருத்து: இருந்தால் மிகச் சிறிது.

13 ஜனவரி

விலை கூடிய வெற்று மாத்திரைக்கு நம்பிக்கையும் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், கூடும் என்று ஆராய்ச்சி உண்டு. அதற்காக விலையை ஏற்றச் சொல்லி யாரும் கடிதம் எழுத வேண்டாம்.

18 ஜனவரி

மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், நானும் அப்படிச் சோதித்தேனா என்று. சோதித்தேன். 2007 ஆய்வைப் படித்தபின் ஆசை வந்தது. என் தங்கைதான் மருந்தாளர். உள்ளே இருப்பது தெரியாத கேப்சூல் கூடுகள் வாங்கி, ஒரு பாதியில் பாசித் தூள், மறுபாதியில் மாவு நிரப்பினாள். எந்த மாதம் எது என்று அவள் நோட்டில் மட்டும் இருக்கும். நான் இரவு படுக்கும்முன் அன்றைய தெம்புக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் எழுத வேண்டும்.

முதல் சிக்கல் மூக்கு. கூட்டைத் திறக்காமலேயே வாடை காட்டிக்கொடுத்தது. அவள் கெட்டிக்காரி. மாவுக் கூடுகளையும் பழைய பாசி டப்பாவில் போட்டு, வெளியே தூளை லேசாகத் தூவிக் குலுக்கினாள். இரண்டும் ஒரே வாடை. அடுத்த சிக்கல் ஏப்பம். பாசிக் கூடு வயிற்றில் உடைந்தபின் வரும் ஏப்பத்துக்கு எந்தத் தந்திரமும் பலிக்கவில்லை. மூன்றாவது சிக்கலை நாகரிகமாக எழுத முடியாது. பாசி சாப்பிட்டால் காலையில் நிறம் மாறும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். “பார்க்காமல் எழுந்து வா” என்பது தங்கையின் உத்தரவு.

ஆக, எனக்கு முழுக் கண்கட்டு இல்லை, அரைக் கண்கட்டுதான். அப்படி இருந்தும், எந்த மாதம் பாசி என்று ஊகிக்க முடிந்த நிலையிலும், பாசி மாத மதிப்பெண்ணும் மாவு மாத மதிப்பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலவே இருந்தன. தங்கைக்கு ஏமாற்றம். மாவு வெல்லும் என்று பந்தயம் கட்டியிருந்தாள்.

19 ஜனவரி

நேற்று விட்டுப்போன பகுதிதான் முக்கியமானது. பாசி, மாவு என்று பிரித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தேதி வாரியாக அந்த நோட்டைப் புரட்டினாள் தங்கை. ஒவ்வொரு மாதமும் மாதவிடாய் முடிந்த வாரத்தில் மதிப்பெண் குழியில் விழுந்திருந்தது. மருந்து எதுவானாலும் அதே குழி. “உனக்கு எவ்வளவு போகிறது?” என்று கேட்டாள். எல்லோருக்கும் போகிற அளவுதான் என்றேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றுவது எல்லோருக்கும் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

ஹீமோகுளோபின் 12.3. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதனால் முன்பு இரண்டு முறை ‘இயல்பு’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். ஃபெரிட்டின் பார்த்தபோது 9. அது உடலின் இருப்பு இரும்பு, 15-க்குக் கீழே என்றால் களஞ்சியம் காலி. இரும்பு மாத்திரை, ஸ்கேன், கருப்பையில் ஒரு நார்த்திசுக்கட்டி. இரும்புக் குறைவுகூட நோயின் பெயர் அல்ல, எங்கேயோ ஒழுகுகிறது என்ற செய்தி. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் குடலில் ரத்தக் கசிவு உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும். 0.85 மில்லிகிராம் பாசி இரும்பைப் போட்டுக்கொண்டு அதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பாசிமேல் கோபம் அதன் சத்துக் குறைவால் அல்ல, அது தரும் ‘ஏதோ செய்துகொண்டிருக்கிறோம்’ என்ற நிம்மதியால்.

25 ஜனவரி

“ஆயிரம் ஆண்டு உணவு, உங்களுக்குத் தெரியுமா?” என்றொருவர். தெரியும். ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பகுதியில் கனெம்பு இனப் பெண்கள் ஏரிக்கரைக் குட்டைகளில் மிதக்கும் சுருள்பாசியை வடித்து, மணலில் ஊற்றி, வெயிலில் அடையாகக் காயவைத்து எடுப்பார்கள். பெயர் திஹே. 1940-இல் தாஞ்சார் என்ற பிரெஞ்சுப் பாசியியலாளர் இதைப் பற்றி எழுதினார், போர்க்காலத்தில் யாரும் கவனிக்கவில்லை. 1960-களில் பெல்ஜியத் தாவரவியலாளர் ஜான் லெயோனார் மறுபடி கண்டெடுத்தார். மெக்சிகோவில் டெஸ்கோகோ ஏரியில் ஆஸ்டெக் மக்கள் இதேபோல் வலைபோட்டு அள்ளித் தெகுயித்லாத்ல் என்ற பெயரில் சந்தையில் விற்றதை ஸ்பானியர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கவனியுங்கள், அவர்கள் அதை மருந்தாக விழுங்கவில்லை. குழம்பில் கரைத்து உணவாகச் சாப்பிட்டார்கள். சாட் பகுதியில் ஒரு வேளைக்கே 10 கிராம் அளவில். வேறு புரதம் அரிதான இடத்தில் அது பெரிய விஷயம். நாம் அதன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அளவை விட்டுவிட்டோம். (இதைப் படித்துவிட்டு இருபது மாத்திரை விழுங்க யாரும் கிளம்ப வேண்டாம்.)

2 பிப்ரவரி

‘காட்டு நீலப்பச்சைப் பாசி’ என்று ஒன்று விற்கிறார்களே, அது இதைவிட வீரியமா என்று கேள்வி.

அது சுருள்பாசி அல்ல. அஃபனிசோமெனான் என்ற வேறு இனம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் அப்பர் கிளமத் ஏரியிலிருந்து அள்ளுவது. சுருள்பாசியைத் தொட்டியில், காரத்தன்மை மிகுந்த நீரில் வளர்க்கிறார்கள். அந்தக் காரத்தில் மற்றவை எளிதில் பிழைக்காது. திறந்த ஏரியில் அப்படி இல்லை. மைக்ரோசிஸ்டிஸ் என்ற இன்னொரு பாசியும் சேர்ந்தே வரும், அது கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நச்சைச் சுரக்கும். ஒரிகன் 1997-இல் ஒரு கிராமுக்கு 1 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. பின்னர் சோதித்த 87 மாதிரிகளில் 85-இல் நச்சு இருந்தது, 63 வரம்பைத் தாண்டின. கொதிக்க வைத்தாலும் அது போகாது. கல்லீரல் கெட்டால் முதல் அறிகுறி எது தெரியுமா? சோர்வு.

எந்தப் பாசியானாலும், நச்சும் கன உலோகமும் சோதித்த அறிக்கையைத் தொகுதி எண்ணோடு காட்டாத டப்பாவைத் தொடாதீர்கள்.

3 பிப்ரவரி

கெல்ப் மாத்திரை பற்றி ‘வேர்க்கால்’ கேட்கிறார். அது பழுப்புக் கடற்பாசி, அயோடின் சுரங்கம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம், மேல்வரம்பு 1100. சில கெல்ப் வகைகளில் ஒரு கிராமிலேயே அந்த வரம்பு தாண்டிவிடும். அளவு மிஞ்சினால் தைராய்டு சிலருக்கு ஓடும், சிலருக்குப் படுத்துவிடும். சோர்வுக்காகச் சாப்பிட்டுத் தைராய்டைப் படுக்கவைத்துச் சோர்வை வாங்கிக்கொள்வது இதன் தனிச்சிறப்பு. ஹிஜிகி என்ற கருநிறக் கடற்பாசியில் கனிம ஆர்சனிக் மிகுதி. 2004-இல் பிரிட்டன் உணவுத் தர அமைப்பு அதைச் சாப்பிடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

3 பிப்ரவரி, மாலை

யாருக்கு ஆகாது என்று சுருக்கமாகக் கேட்டதற்கு: ஃபீனைல்கீட்டோனூரியா (புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனினை உடல் கையாள முடியாத பிறவிக் குறைபாடு) உள்ளவர்களுக்குச் சுருள்பாசி கூடாது. லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்க்காரர்கள் ஒதுங்கியிருப்பது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் குளோரெல்லாவைக் கேட்காமல் தொட வேண்டாம், அதில் அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும் வைட்டமின் கே இருக்கிறது. யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குபவர்கள் அளவோடு. மற்றதை உங்கள் மருத்துவர் சொல்வார்.

8 பிப்ரவரி

9 ஜனவரி குறிப்பை ‘எல்லாப் பாசியும் போலி பி12’ என்று சிலர் பரப்புகிறார்கள். நான் எழுதியது சுருள்பாசியைப் பற்றி. குளோரெல்லா சற்று வேறு. 2015-இல் தாவர உணவுக்காரர்கள் சிலர் நாளொன்றுக்கு 9 கிராம் வீதம் 60 நாள் சாப்பிட்டபோது மெத்தில்மலோனிக் அமிலம் குறைந்தது. உடலில் பி12 உண்மையாக வேலை செய்தால்தான் அது குறையும். ஆனால் ஒப்பிடத் தனிக் குழு இல்லை. அதோடு ஒரு நிறுவனத்தின் குளோரெல்லாவில் இருப்பது இன்னொன்றில் இருக்கும் என்று சொல்ல முடியாது. 9 கிராம் என்பது 250 மில்லிகிராம் சிறு மாத்திரை 36! ‘தாவரபட்சி’, உங்களுக்கு என் பதில் மாறவில்லை.

21 பிப்ரவரி: ‘அரைத்தூக்கம்’

எல்லாச் சோதனையும் செய்துவிட்டேன். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, தைராய்டு, சர்க்கரை எல்லாம் இயல்பு. இப்போதாவது பாசி வாங்கலாமா?

21 பிப்ரவரி

குறட்டை விடுவீர்களா?

22 பிப்ரவரி

இல்லை என்கிறார். தூங்குகிறவரைக் கேட்டு என்ன பயன், பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள் என்றேன். “லாரி ஏறுகிற மாதிரி. நடுவில் மூச்சே நின்று, அப்புறம் திணறி எழுவார்” என்பது மனைவியின் வாக்குமூலம்.

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்பது. மணிக்குப் பல தடவை நின்றாலும் காலையில் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தோமே என்றுதான் தோன்றும். காலைத் தலைவலி, பகல் தூக்கம், ஏறும் ரத்த அழுத்தம். இதைக் கண்டுபிடிக்க ரத்தம் எடுத்துப் பயனில்லை, தூக்கத்தைத்தான் அளக்க வேண்டும். நானும் இத்தனை நாளாய் இரும்பு, இரும்பு என்றே எழுதிக்கொண்டிருந்தேன், அது என் அனுபவம் இழுத்த பக்கம். சோர்வோடு வருகிறவர்களில் பலருக்கு ரத்தத்தில் ஒன்றும் அகப்படாது. தூக்கம், மனச்சோர்வு, இரவுப் பணி, எடுத்துக்கொண்டிருக்கும் வேறு மாத்திரை ஆகியவற்றையும் கேட்டாக வேண்டும்.

11 மார்ச்

புதிதாக வந்தவர் ஒருவர்: ஹீமோகுளோபின் 12.6, எனவே ஃபெரிட்டின் தேவையில்லை என்று ஆய்வுக்கூடத்தில் சொன்னார்களாம்.

தேவை. முதலில் காலியாவது இருப்பு, ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். அதனால் சளி, காய்ச்சல் விட்டபின் கொடுங்கள். இரும்பு எழுதிக் கொடுத்தால் தேநீரோடு விழுங்காதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி மறுநாள் உறிஞ்சலை மட்டுப்படுத்தும் என்று 2017-இல் காட்டியிருக்கிறார்கள். வயிற்றுக்கும் அது இதம். பாசி மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்தால் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள், ஆனால் சோதனைத் தேதியை அதற்காகத் தள்ளிவைக்காதீர்கள்.